மூணு மாத்திரை சாப்பிட்டும் அம்மாவுக்கு பிரஷர் இறங்கலை – யாராவது வழி சொல்லுங்க

கோத்தகிரிப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்காகக் கேக்கறேன். வயசு 58. கோத்தகிரி பக்கத்துல ஒரு ஹட்டி எங்க ஊர். கொஞ்சம் சொந்தத் தேயிலை இருக்கு, மத்த நாள்ல பக்கத்துத் தோட்டத்துக்கு இலை எடுக்கப் போவாங்க. நான் வேலை பாக்கறது திருப்பூர்ல. லீவு கிடைக்கறப்ப போய்ப் பாக்கறதுதான்.

பிரஷர்னு தெரிஞ்சு பல வருஷம் ஆச்சு. முதல்ல அம்லோடிபின் 5 மட்டும் குடுத்தாங்க. அப்புறம் டெல்மிசார்டன் 40 சேந்துச்சு. போன வருஷம் குளோர்தாலிடோன் 12.5, அந்த நீர் பிரியற மாத்திரை. மூணும் மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்துடுது. ஆனா எப்பப் பாத்தாலும் 168/100, 174/102னு அங்கயேதான் நிக்குது. சுகர் இல்ல. குண்டு உடம்பும் இல்ல. நாளெல்லாம் மேடு ஏறி இறங்கறவங்க.

இப்ப நாலாவது மாத்திரை எழுதறேங்கறாங்க. எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான் அடங்காம இருந்து, ஒரு நாள் காலையில வாய் கோணிப் போயி வலது கை விழுந்துடுச்சு. அதுல இருந்து ராத்திரி போன் அடிச்சாலே எனக்கு நெஞ்சு பதறுது. மாத்திரை உள்ள போயும் ஏன் கேக்க மாட்டேங்குது? வேற எதையாவது பாக்கணுமா?

மலையடிவாரம்:

குளிரைப் பாருங்க முதல்ல. எங்க அப்பாவுக்கு ஊட்டியில பாத்தா 160 கிட்ட நிக்கும். மேட்டுப்பாளையத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயி நாலு நாள் இருந்தா 140-க்கு வந்துடும். மார்கழி, தை உறைபனி மாசத்துல இன்னும் மோசம். அம்மாவைக் கொஞ்ச நாள் திருப்பூருக்குக் கூட்டிட்டு வந்து பாருங்களேன்.

குன்னூர்_மருத்துவர்:

நான் பொது மருத்துவம் பாக்கறவன். நேர்ல பாக்காம சிகிச்சை சொல்ல மாட்டேன். ஆனா எதையெல்லாம் எந்த வரிசையில பாக்கணும்னு சொல்ல முடியும்.

குளிர்ல பிரஷர் ஏறும்கறது உண்மைதான். தோலுக்குப் போற சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கும். அதனாலதான் உலகம் பூரா குளிர்காலத்துல அளவு கொஞ்சம் கூடுது. ஊட்டி 2,240 மீட்டர், கோத்தகிரி அதுக்குக் கொஞ்சம் கீழ. இந்த உயரத்துலயே பிறந்து வளர்ந்தவங்களுக்கு உயரத்தை மட்டும் காரணமா சொல்லிட முடியாது. குளிரும் உயரமும் சில புள்ளி ஏத்தலாம். மூணு மாத்திரையைத் தாண்டி 170-ல நிக்கறதுக்கு வேற காரணம் இருக்கணும்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். மூணு வகை மருந்து, அதுல ஒண்ணு நீர் பிரியற மருந்து, மூணும் தாங்கக்கூடிய முழு அளவுல குடுத்தும் இறங்கலைன்னாதான் 'மருந்துக்கு அடங்காத ரத்தக்கொதிப்பு'னு நாங்க பேர் வைப்போம். உங்க அம்மாவுக்கு அம்லோடிபின் 5, டெல்மிசார்டன் 40, குளோர்தாலிடோன் 12.5. இதுல எதுவுமே முழு அளவு இல்ல. 10, 80, 25 வரைக்கும் போக இடம் இருக்கு. நோயாளி ஒவ்வொரு மாசமும் வர்றாங்க, 170 இருக்கு, அதே சீட்டை மறுபடி எழுதி அனுப்பறோம். பிரஷர் அடங்காம இருக்கறதுக்குப் பெரிய காரணங்கள்ல இதுவும் ஒண்ணு. அது எங்க தரப்புக் குறை, உங்க அம்மாவோடது இல்ல.

ஆனா அளவைக் கூட்டறதுக்கு முன்னாடி அந்த 170 நிஜமான்னு தெரியணும். அம்மாவுக்கு எப்படி அளக்கறாங்கன்னு ஒரு தடவை கூட இருந்து பாருங்க. நம்ம மலையில இது ரொம்ப முக்கியம். மேல கம்பளி ஸ்வெட்டர், உள்ள ஒரு சட்டை, அதுக்கும் மேல சால்வை. அவசரத்துல பட்டையை ஸ்வெட்டர் மேலயே சுத்திடறாங்க. இல்லாட்டி ஸ்வெட்டர் கையை மேல வரைக்கும் சுருட்டி ஏத்திவிட, அது கயிறு கட்டினாப்பல புஜத்தை இறுக்கிடுது. ரெண்டுமே அளவைக் கெடுக்கும். ஒரு கையையாவது முழுசா ஸ்வெட்டர்ல இருந்து வெளிய எடுத்துட்டு, வெறும் புஜத்துல பட்டையைக் கட்டணும்.

மேடு ஏறி வந்த மூச்சு அடங்கறதுக்குள்ள பாக்கக் கூடாது. அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும். முதுகு சாஞ்சிருக்கணும், கால் ரெண்டும் தரையில இருக்கணும், சிறுநீர் முட்டிட்டு இருக்கக் கூடாது. அதுக்கு முந்தின அரை மணி நேரம் டீ, காபி வேண்டாம். அளக்கறப்ப பேச்சு வேண்டாம். கையை மேஜை மேல, நெஞ்சு மட்டத்துல வைக்கணும். 2024-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, கையை மடியில வெச்சப்ப மேல் அளவு சுமார் 4 புள்ளியும், பக்கவாட்டுல தொங்கவிட்டப்ப 6.5 புள்ளியும் கூடுதலா காட்டுச்சு. தடிச்ச கைக்குச் சின்னப் பட்டை கட்டினா அதை விட எவ்வளவோ அதிகமா தப்பும்.

ஆஸ்பத்திரியைப் பாத்தாலே ஏறிப்போற ரகமும் உண்டு. ஸ்பெயின்ல மருந்துக்கு அடங்கலைன்னு நினைச்ச 8,295 பேருக்கு 24 மணி நேரக் கருவியை மாட்டிப் பாத்தாங்க. 2011-ல வெளியான அந்த ஆய்வுல 37.5 சதவீதம் பேருக்கு வீட்டுல, தூக்கத்துல எல்லாம் அளவு சரியாவே இருந்துச்சு. அதனால புஜத்துல கட்டற மெஷின் ஒண்ணு வாங்குங்க, மணிக்கட்டுல கட்டறது வேண்டாம். காலையில மாத்திரைக்கு முன்னாடி ரெண்டு தடவை, சாயந்திரம் ரெண்டு தடவை, ஒரு வாரம் எழுதி வைங்க. முதல் நாளை விட்டுட்டு மீதியைச் சராசரி எடுங்க. வீட்டுல 135/85-க்குக் கீழ இருந்தா நல்லது.

பச்சிலை_ராசு:

டாக்டர் சார் கோவிச்சுக்கக் கூடாது. இத்தனை மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிரும். எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தர் 15 வருஷம் பிரஷர் மாத்திரை சாப்பிட்டு இப்ப டயாலிசிஸ்ல இருக்கார். அம்மாவுக்கு முருங்கைக்கீரை, பூண்டு, சீரகத் தண்ணி குடுங்க. குழம்புக்கு இந்துப்பு போடுங்க. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கலாம்.

குன்னூர்_மருத்துவர்:

கோவமே இல்லைங்க. இந்தப் பயம் எங்ககிட்ட வர்ற பாதிப் பேருக்கு இருக்கு, வெளிய சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான். நீங்க சொன்னது நல்லதாப் போச்சு.

சிறுநீரகத்தைக் கெடுக்கறது அடங்காத பிரஷர். சிறுநீரகத்துக்குள்ள மயிர் கனத்துல லட்சக்கணக்கான குழாய்கள் இருக்கு. வருஷக்கணக்கா 170-ல ரத்தம் மோதினா அது தழும்பாகிப் போகும். இன்னொரு பக்கம், சிறுநீரகக் கோளாறே பிரஷரை ஏத்தவும் செய்யும். உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு எது முதல்ல வந்துச்சுன்னு எனக்கும் உங்களுக்கும் தெரியாது. ஆனா டெல்மிசார்டன் மாதிரி மருந்துகள், சிறுநீர்ல புரதம் போறவங்களுக்குச் சிறுநீரகத்தைக் காப்பாத்தறதுக்குன்னே குடுக்கற மருந்து. தொடக்கத்துல கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த அளவு, லேசா ஏறும். அதைப் பரிசோதனை பண்ணிப் பாத்துக்கணும், பாத்துப் பயந்து நிறுத்தக் கூடாது.

முருங்கைக்கீரை தாராளமா சாப்பிடட்டும். மாத்திரைக்குப் பதிலா அது வேண்டாம். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், மலையில இருந்து வெட்டி எடுக்கற உப்பு. கடல் உப்புக்குப் பதிலா அதைப் போட்டா உடம்புக்குள்ள போற சோடியம் அப்படியேதான் இருக்கும்.

மாத்திரையைத் தானாக் குறைக்கறது வேண்டவே வேண்டாம். அட்டினலால், மெட்டோபிரலால், குளோனிடின் மாதிரி மருந்துகளைத் திடீர்னு நிறுத்தினா பிரஷர் முன்னைவிட ஏறும், நெஞ்சுவலியும் வரலாம்.

மருந்துக்கடை_கூடலூர்:

நான் மருந்தாளுநர். கடையில தினம் பாக்கறதைச் சொல்றேன். பிரஷர் மாத்திரை ஒரு பக்கம், அதே பையில மூட்டுவலி மாத்திரை இன்னொரு பக்கம். சரிவுல நின்னு இலை எடுக்கறவங்களுக்கு முழங்காலும் இடுப்பும் விடாம வலிக்கும். "அந்த ரோஸ் மாத்திரை ரெண்டு அட்டை குடுப்பா"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக், இபுப்ரோபென் எதுவா இருந்தாலும் உப்பையும் நீரையும் உடம்புல தேக்கி வைக்கும். பிரஷர் மாத்திரை ஒரு பக்கம் இறக்க, இது மறுபக்கம் ஏத்தும்.

இதுல இன்னொரு ஆபத்து இருக்கு. டெல்மிசார்டன் வகை, நீர் பிரியற மாத்திரை, வலி மாத்திரை மூணும் ஒண்ணா சேந்தா சிறுநீரகம் திடீர்னு அடிபடும். வாந்தி பேதி வந்து உடம்புல நீர் வத்தியிருந்தா இன்னும் மோசம். ராசு அண்ணன் பயப்படறது நியாயம்தான். ஆனா பயப்பட வேண்டியது அந்த ரோஸ் மாத்திரையைப் பாத்து.

சளி மாத்திரையையும் பாருங்க. மூக்கடைப்புக்குக் குடுக்கற சிலதுல சூடோஎபெட்ரின் மாதிரி ரத்தக்குழாயைச் சுருக்கற மருந்து கலந்திருக்கும். மூச்சிரைப்புக்கும் தோல் அரிப்புக்கும் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி மாசக்கணக்குல சாப்பிடறவங்களும் இருக்காங்க.

அதிமதுரத்தையும் சொல்லணும். இருமலுக்கு நல்லதுன்னு குளிர்காலம் முழுக்க வாயில அடக்கிட்டு இருக்கற பாட்டிமாரு இங்க நிறைய. சூரணமாவும் கஷாயமாவும் போகுது. எப்பவாவது ஒரு துண்டு மென்னா ஒண்ணும் ஆகாது. தினமும் போனா அதுல இருக்கற கிளிசிரைசின் உடம்புல உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளிய தள்ளி, பிரஷரை ஏத்தும். பிரஷர்காரங்களுக்கு அது ஆகாது. இதை எந்தச் சீட்டுலயும் யாரும் எழுதறதில்ல, நாமளா கேட்டாத்தான் தெரியும்.

ஊர்த்தன்னார்வலர்:

நான் மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா போறவ. 2021 ஆகஸ்ட்ல திட்டம் தொடங்கினதுல இருந்து நிறைய வீட்டுப் படி ஏறிட்டேன். ஒண்ணு மட்டும் சொல்றேன் தங்கச்சி. "மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?"ன்னு கேட்டா எல்லாரும் "சாப்பிட்டேன்"னுதான் சொல்வாங்க. பொய் சொல்றாங்கன்னு நினைக்காதீங்க. நாம திட்டுவோம்னு பயம், நம்ம மனசு நோகக் கூடாதுன்னு ஒரு மரியாதை.

அதனால நான் இப்படிக் கேக்கறேன்: "எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு நாள் விட்டுப்போகும், உங்களுக்கு இந்த வாரம் எந்த நாள் விட்டுச்சு?" அப்பத்தான் மனசு திறந்து பேசுவாங்க. "தலைசுத்தல் இல்ல, அதான் போடல"ம்பாங்க. "அளவு நார்மல்னு சொன்னாங்க, அதோட நிறுத்திட்டேன்"ம்பாங்க. அம்லோடிபின்ல கணுக்கால் வீங்கி, தோட்டத்துக்குப் போடற பூட்ஸ் நுழையலைன்னு ஒரு அக்கா நிறுத்திட்டாங்க. விரதம்னு விடறவங்க இருக்காங்க. புருஷனுக்கு மாத்திரை தீந்துபோச்சுன்னு தன்னோடதைக் குடுத்துட்டு இவங்க சும்மா இருப்பாங்க.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப மாத்திரை டப்பாவை எடுத்துப் பாருங்க. கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி அட்டைகளைப் பாருங்க. எந்த மாத்திரை மட்டும் மிஞ்சியிருக்குன்னு பாருங்க.

சேரம்பாடி_வாசு:

எங்க குடும்பம் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து வந்து டான்டீங்கற அரசுத் தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்த குடும்பம். என் கதையைச் சொல்றேன், யாருக்காவது உதவும்.

எனக்கு 41 வயசுலயே நாலு மாத்திரை. ஒரு வேளை கூட விட்டதில்ல, உப்பும் குறைச்சாச்சு. அப்பவும் 160-க்குக் கீழ போகல. கூடவே ராத்திரி கெண்டைக்கால் நரம்பு இழுக்கும், பகல்ல கால் துவளும். வேலைக் களைப்புன்னு விட்டுட்டேன். ஒரு டாக்டர் பொட்டாசியம் பாத்தார், 2.9, ரொம்பக் கம்மி. நீர் மாத்திரையாலதான்னு முதல்ல நினைச்சு அதை நிறுத்திப் பாத்தாங்க, அப்பவும் ஏறல. பிறகு ஆல்டோஸ்டிரோன், ரெனின்னு ரெண்டு ஹார்மோனை ரத்தத்துல பாத்தாங்க. ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பிச்சாங்க. சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கற அட்ரினல் சுரப்பி, தேவையில்லாம ஆல்டோஸ்டிரோனைக் கொட்டிக்கிட்டே இருந்திருக்கு. அது உப்பைப் பிடிச்சு வைக்கும், பொட்டாசியத்தை விட்டுடும்.

சிடி ஸ்கேன்ல கட்டி ஒண்ணும் தெளிவா தெரியல. ரெண்டு பக்கமும் சுரக்குதுன்னாங்க. அந்த ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கற ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை தொடங்கினதுக்கு அப்புறம்தான் என் வாழ்க்கையில முதல் தடவையா 130 பாத்தேன். ஆம்பளைங்களுக்கு அதுல மார்பு லேசா வீங்கி வலிக்கும், எனக்கும் வந்துச்சு. எப்லெரினோனுக்கு மாத்தினதும் சரியாப் போச்சு. நாலு மாத்திரை இப்ப ரெண்டா குறைஞ்சிருக்கு. உங்க அம்மாவுக்கு அட்டையெல்லாம் காலியா இருந்து, அளவும் நிஜம்னு தெரிஞ்சா, இதைக் கேட்டுப் பாருங்கம்மா.

குன்னூர்_மருத்துவர்:

வாசு சொன்னதை எல்லா மருத்துவரும் படிக்கணும். அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955-லயே விவரிச்ச நோய் இது. மருந்துக்கு அடங்காத ரத்தக்கொதிப்பு இருக்கறவங்கள்ல சுமார் அஞ்சுல ஒருத்தருக்கு இது இருக்கு, ஆனா பரிசோதிக்கறது ரொம்பக் கம்மி. பொட்டாசியம் நார்மலா இருந்தாலும் இந்த நோய் இல்லைன்னு சொல்லிட முடியாது. ஒரே பக்கம் கட்டியா இருந்தா சில பேருக்கு அறுவை சிகிச்சையிலயே சரியாகும்.

நாலாவது மாத்திரை எதுங்கறதுக்கும் விடை இருக்கு. 2015-ல பிரிட்டன்ல நடந்த பாத்வே-2 ஆய்வுல, மூணு மருந்துக்கு மேல என்ன சேத்தா அதிகம் இறங்குதுன்னு பாத்தாங்க. ஸ்பைரனோலாக்டோன்தான் கூட ஒப்பிட்டுப் பாத்த மத்த ரெண்டு மருந்தையும் முந்துச்சு. ஆனா டெல்மிசார்டனோட சேக்கறப்ப பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறலாம், இதயத் துடிப்பையே பாதிக்கும். ரத்தப் பரிசோதனை இல்லாம அதைத் தொடவே கூடாது.

குறட்டையையும் கேளுங்க. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தா ராத்திரி பூரா பிரஷர் இறங்காது. அது குண்டா இருக்கறவங்களுக்கு மட்டும் வர்றதில்ல. பகல்ல கண் சொக்கறது, காலையில தலைவலி, பக்கத்துல படுக்கறவங்க பயந்து எழுப்பி விடறதுன்னு இருந்தா தூக்கப் பரிசோதனை வேணும். மலைப்பாதையில பஸ், லாரி ஓட்டறவங்களுக்கு இதை நான் கட்டாயப்படுத்திச் சொல்லுவேன்.

வர்க்கிப்பிரியை:

உப்பைப் பத்தி யாரும் முழுசா பேசலையே. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளன்னு சொல்லுது, மட்டமா ஒரு டீஸ்பூன். எங்க வீட்டுல குழம்புல குறைச்சோம், ஆனா கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், சாயந்திரம் டீக்கு வர்க்கின்னு எல்லாம் அப்படியே ஓடிட்டு இருந்துச்சு. குழம்புல குறைச்சது ஊறுகாயில திரும்பி வந்துடுது. நாங்க ஊறுகாய் பாட்டிலைச் சாப்பாட்டு இடத்துல இருந்து எடுத்தோம். எங்க வீட்டுக்காரருக்கு அதுவே நல்லா கேட்டுச்சு.

டாக்டர், பொட்டாசியம் கலந்த குறைந்த சோடியம் உப்பு நல்லதா?

குன்னூர்_மருத்துவர்:

பல பேருக்கு நல்லது. சீனாவுல கிராமப்புறத்துல 20,995 பேரை வெச்சு நடந்த ஆய்வு 2021-ல வெளியாச்சு. அதுல நாலுல ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சாப்பிட்டவங்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைஞ்சது. ஆனா சிறுநீரகம் பழுதானவங்களும் ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடறவங்களும் அதைத் தொடக் கூடாது. டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை சாப்பிடறவங்க டாக்டரைக் கேட்டுட்டு, பொட்டாசியம் பாத்துட்டுத்தான் தொடங்கணும்.

கோத்தகிரிப்பொண்ணு:

ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். நீங்க எல்லாரும் சொன்னதை வரிசையாப் பாத்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனேன். சொன்ன மாதிரியே ஸ்வெட்டர் மேலதான் பட்டை. கையை எடுத்துட்டுப் பாருங்கன்னு கேட்டேன், மறுக்காம மறுபடி பாத்தாங்க. 176 இருந்தது 162 ஆச்சு. குறைஞ்சாலும் அதிகம்தான்.

அப்புறம் மாத்திரை டப்பா. பழைய பிஸ்கட் டின்னுல வெச்சிருக்காங்க. அம்லோடிபின் அட்டை காலி, டெல்மிசார்டன் அட்டை காலி. குளோர்தாலிடோன் அட்டை மட்டும் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வெச்சிருக்கு, ஒரு மாத்திரை கூட உடைக்கல. தன்னார்வலர் அக்கா சொன்ன மாதிரி கோவப்படாம கேட்டேன். அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "அதைப் போட்டா அரை மணிக்கு ஒருதரம் வருது. தோட்டத்துல எங்க போறது? ஆம்பளைங்க மருந்தடிச்சுட்டு நிப்பாங்க, கரடி வேற நடமாடுது. தண்ணி குடிக்கறதையே விட்டுட்டேன், இதுல மாத்திரை வேறயா?"

எனக்கு அழுகை வந்துடுச்சு. காலையில போனா மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தண்ணி குடிக்காம இலை எடுக்கறாங்க. அங்க இருக்கற பொம்பளைங்க எல்லாரும் அப்படித்தான். இத்தனை வருஷத்துல எந்த டாக்டர்கிட்டயும் அம்மா இதைச் சொல்லல. சொல்லக் கூசுதாம்.

இன்னொண்ணு, முந்தானையில ஒரு அட்டை முடிஞ்சு வெச்சிருந்தாங்க. கூடலூர் அண்ணா சொன்ன அதே ரோஸ் மாத்திரை. வேலைக்குக் கிளம்பறப்ப தினம் ஒண்ணு.

குன்னூர்_மருத்துவர்:

உங்க அம்மா செஞ்சதுல ஒரு நியாயம் இருக்கு. கழிப்பறை இல்லாத இடத்துல எட்டு மணி நேரம் வேலை செய்யறவங்களுக்குக் காலையில நீர் பிரியற மாத்திரையைக் குடுத்துட்டு, எங்க வேலை பாக்கறீங்க, அங்க ஒதுங்க இடம் இருக்கான்னு கேக்காம விட்டது எங்க தொழில்ல இருக்கறவங்கதான். இனிமே என்கிட்ட வர்ற ஒவ்வொரு தோட்டத் தொழிலாளிகிட்டயும் இதைக் கேப்பேன்.

இதுக்கு வழி இருக்கு. குளோர்தாலிடோன் ரொம்ப நேரம் உடம்புல நிக்கற மருந்து, காலையிலதான் போடணும்னு கட்டாயம் இல்ல. பிரஷர் மாத்திரையைக் காலையில போடறதா ராத்திரி போடறதான்னு பிரிட்டன்ல 21,000-க்கும் மேற்பட்டவங்களை வெச்சுப் பாத்தாங்க. மாரடைப்பு, பக்கவாதத்துல ஒரு வித்தியாசமும் இல்லைன்னு 2022-ல முடிவு வந்துச்சு. தவறாம போட முடியற நேரம்தான் சரியான நேரம். தோட்டத்துல இருந்து திரும்பினதும் மூணு, நாலு மணிக்குப் போடலாமான்னு உங்க டாக்டரைக் கேளுங்க. அப்படின்னா படுக்கறதுக்குள்ள பெரும்பாலும் பிரிஞ்சுடும். அடிக்கடி போற தொந்தரவும் முதல் சில வாரத்துக்கு அப்புறம் நல்லா குறைஞ்சிடும். அதுக்கு மேல அந்த மருந்து ரத்தக்குழாயைத் தளர்த்தித்தான் பிரஷரை இறக்குது. இதை அம்மாகிட்ட சொல்லுங்க, தைரியம் வரும்.

தண்ணி குடிக்காம இருக்கறது, வலி மாத்திரை, டெல்மிசார்டன் மூணும் ஒண்ணா ஓடிட்டு இருந்திருக்கு. முதல்ல கிரியேட்டினின் பாருங்க. வலி மாத்திரை இன்னைக்கே நிக்கணும். முழங்காலுக்குத் தடவற மருந்து, தொடைத் தசைக்கான பயிற்சி, தேவைப்பட்டா அளவோட பாராசிட்டமால். அதையும் தினமும் முழு அளவுல போட்டுட்டே இருந்தா பிரஷர் சில புள்ளி ஏறுதுன்னு 2022-ல ஒரு ஆய்வு காட்டியிருக்கு.

ஊர்த்தன்னார்வலர்:

தங்கச்சி, உங்க அம்மா சொன்னதைப் படிச்சதும் நான் போற வீடுகள்ல கேட்டுப் பாத்தேன். இன்னும் நாலஞ்சு பேரு அதே காரணத்துக்கு அதே மாத்திரையை மட்டும் ஒதுக்கி வெச்சிருக்காங்க. இத்தனை நாளா எனக்கே தெரியாது. செவிலியர் அம்மாகிட்ட சொல்லி, நேரத்தை மாத்தறதைப் பத்தி டாக்டர்கிட்ட பேசச் சொல்லியிருக்கேன்.

1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்துலயே தொழிலாளிகளுக்குக் கழிப்பறை கட்டித் தரணும்னு எழுதியிருந்தாங்க. அதெல்லாம் பெரிய எஸ்டேட்டுக்கு. சின்ன விவசாயிங்க தோட்டம் அந்தக் கணக்குலயே வராது, நம்ம ஆளுங்க பாதிப் பேரு அங்கதான் இலை எடுக்கறாங்க. கிராம சபையில கேக்கலாம்னு மகளிர் குழுவுல பேசிட்டு இருக்கோம். நாலஞ்சு தோட்டத்துக்கு நடுவுல பொதுவா ஒண்ணு கட்டினாக்கூடப் போதும்.

மலையடிவாரம்:

எந்த அளவுக்குப் போனா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? அப்பாவுக்கு ஒரு நாள் 184 காட்டுச்சு, பயந்துட்டோம்.

குன்னூர்_மருத்துவர்:

180/120-க்கு மேல போயி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் ஒரு பக்கம் மரத்துப்போறது, பார்வை மங்கறது, தாங்க முடியாத தலைவலின்னு ஏதாவது இருந்தா நேரம் கடத்தாம 108. மலைப்பாதையில கீழ போய்ச் சேர நேரம் ஆகும், அதனால 'விடியட்டும்'னு காத்திருக்கக் கூடாது. வாய் கோணி, கை விழுந்தா அப்ப அளவு எவ்வளவா இருந்தாலும் போகணும். வேற தொந்தரவு இல்லாம அளவு மட்டும் கூடியிருந்தா, உக்கார வெச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. அப்பவும் அப்படியே இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட பேசுங்க. பயந்துபோய் ரெண்டு மாத்திரையைச் சேத்துப் போட்டுடாதீங்க. பிரஷர் சட்டுனு விழுந்தா மூளைக்கு ரத்தம் போறது குறையும்.

கோத்தகிரிப்பொண்ணு:

டாக்டரைப் பாத்தோம். எல்லாத்தையும் அம்மாவே சொன்னாங்க, தோட்டத்து விஷயம் உட்பட. அவர் பொறுமையா கேட்டார். குளோர்தாலிடோன் சாயந்திரம் நாலு மணிக்கு. வலி மாத்திரை நிறுத்தியாச்சு. கிரியேட்டினின் 1.1, பரவால்லைன்னார். டெல்மிசார்டனை 80 ஆக்கியிருக்கார். நாலாவது மாத்திரை இப்போதைக்கு வேண்டாம்னுட்டார். வீட்டு மெஷின்ல இப்ப 146, 142, 148னு வருது. தம்பி எழுதி போட்டோ அனுப்பறான். காலையில ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சுட்டுப் போறாங்க.

ஒரே ஒரு சந்தேகம். டெல்மிசார்டனைக் கூட்டினதுக்கும் நீர் மாத்திரை இப்பத்தான் நிஜமா ஆரம்பிச்சதுக்கும் சேத்து மறுபடி ரத்தம் எப்பப் பாக்கணும்? சீட்டுல எழுதலை.

குன்னூர்_மருத்துவர்:

ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்குள்ள கிரியேட்டினின், பொட்டாசியம், சோடியம் மூணும் பாத்துடுங்க. சோடியத்தை விட்டுடாதீங்க. நீர் மாத்திரை தொடங்கற இந்த வயசுப் பெண்களுக்கு அது குறையறதுண்டு. காரணமில்லாத சோர்வு, குமட்டல், தடுமாற்றம் வந்தா அதுவரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே பாருங்க. உக்காந்து பாத்ததோட நிறுத்தாம, எழுந்து நின்னு ஒரு நிமிஷம் கழிச்சும் பிரஷர் பாக்கச் சொல்லுங்க, சரிவுல நிக்கறவங்க. வீட்டு அளவு இன்னும் ஒரு மாசம் கழிச்சும் 135-க்கு மேலயே இருந்தா, இந்த எண்களோட போயி ஆல்டோஸ்டிரோன், ரெனின் பரிசோதனையைப் பத்திக் கேளுங்க.